சுனாமி எந்த ஊரு வார்த்தை? எங்க ஊரு பசங்களுக்கு ஜப்பான் பத்தி கிளாஸ் எடுத்த கதை

வணக்கம் மக்களே, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? இந்த தடவை டோக்கியோ வீடியோ இல்ல, ஆகஸ்ட் லீவுக்கு பையன கூட்டிக்கிட்டு எங்க ஊருக்கு வந்துருக்கேன், நாகப்பட்டினம் பக்கம், பின்னாடி கேக்குறது கடல் சத்தம்தான், காத்து வேற அடிக்குது, சரியா கேக்கலன்னா கொஞ்சம் வால்யூம் ஏத்தி வச்சுக்கோங்க.

நேத்து இங்க ஒரு பள்ளிக்கூடத்துல எட்டாவது பசங்களுக்கு ஜப்பான் பத்தி கிளாஸ் எடுத்தேன். கூப்பிட்ட மிஸ் என்ன சொன்னாங்கன்னா, "ஜப்பான் பசங்க எவ்ளோ ஒழுக்கம்னு சொல்லும்மா, அத கேட்டாவது இதுங்க திருந்தட்டும்"னு. அவங்க நல்ல எண்ணத்துலதான் சொன்னாங்க. ஆனா எனக்கு அதுல சுத்தமா உடன்பாடு இல்ல. நம்ம பசங்கள மட்டம் தட்டுறதுக்கா ஒரு நாட்ட பத்தி சொல்லிக் குடுக்கணும்? சொல்லுங்க.

வாட்ஸ்அப்ல ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்குமே, ஜப்பான்ல நாலாவது வரைக்கும் பரீட்சையே கிடையாது, ஸ்கூல்ல வேலைக்கு ஆளே கிடையாது எல்லாம் பிள்ளைங்களே பாத்துக்கும்னு. என் பையன் அங்க அரசு பள்ளிக்கூடத்துல ஒண்ணாவதுலேருந்து ஆறாவது வரைக்கும் படிச்சான், ஒண்ணாவதுலயே கணக்கு டெஸ்ட், சீனாவுலேருந்து வந்த கான்ஜி எழுத்துக்கு டெஸ்ட்னு பேப்பர் வந்துகிட்டேதான் இருந்துச்சு, ஒண்ணாவதுக்கு 80 கான்ஜி எழுத்து படிக்கணும். பசங்க தினமும் ஒரு கால் மணி நேரம் பெருக்கி துடைக்கிறது உண்மைதான், அதுக்கு ஸோகின்னு ஒரு துணி, பழைய துண்ட மடிச்சு தைச்சு வீட்லேருந்து குடுத்து விடணும், ஆனா ஸ்கூல்ல பராமரிப்புக்கு ஆளும் இருக்காங்க. அதையெல்லாம் முதல்லயே பசங்ககிட்ட சொல்லிட்டேன். அதோட இன்னொண்ணும் சொன்னேன், 2023 கல்வி ஆண்டுல அங்க தொடக்கப்பள்ளி நடுநிலைப்பள்ளி ரெண்டும் சேத்து 3 லட்சத்து 46 ஆயிரம் பிள்ளைங்களுக்கு மேல, வருஷத்துல 30 நாளும் அதுக்கு மேலயும் ஸ்கூலுக்கே போகாம இருந்துருக்காங்க, ஃபுதோகோன்னு அதுக்கு பேரே இருக்கு. ஒரு பொண்ணு உடனே "ஏன்க்கா, யாராச்சும் கிண்டல் பண்ணுவாங்களா?"ன்னு கேட்டுச்சு. அந்த நிமிஷத்துலதான் ஜப்பான் அந்தப் பொண்ணுக்கு நிஜமான ஊரா ஆச்சுன்னு நினைக்கிறேன்.

நான் கையில பொருளோட போனேன். பையனோட ரன்டோசெரு, ஆறு வருஷம் முதுகுல போட்ட அதே பை. ஓரமெல்லாம் கீறல், அடியில ஒரு இடத்துல தோல் வெளுத்து போயிருக்கு, மழையில நனைஞ்ச வாடை இன்னும் போகல. அது கை மாத்தி கை மாத்தி கடைசி பெஞ்சு வரைக்கும் போச்சு. அந்தப் பேரு டச்சுக்காரங்க ராணுவப் பைக்கு வச்ச பேருலேருந்து வந்தது. 1885ல பெரிய வீட்டுப் பிள்ளைங்க படிச்ச காகுஷுயின்ங்கற பள்ளிக்கூடத்துல, வண்டியில வராதீங்க, பைய வேலைக்காரங்ககிட்ட குடுத்து விடாதீங்க, உங்க மூட்டைய நீங்களே தூக்குங்கன்னு சொன்னதுலேருந்துதான் இது பள்ளிக்கூடப் பையா ஆச்சு. இத சொல்லிக்கிட்டு இருக்கும்போதே ஒருத்தன் வார்ல தொங்குன சின்ன அலாரத்த இழுத்துட்டான், வழியில யாராச்சும் தொந்தரவு பண்ணா இழுக்கறதுக்குன்னு மாட்டி விடுற அலாரம் அது, அது கத்துன கத்துல பக்கத்து கிளாஸ் மிஸ் ஓடி வந்துட்டாங்க. அதுக்கப்புறம் யாருக்கும் தூக்கம் வரல.

சாப்பாடு பத்தி கொஞ்சம்தான் சொன்னேன். பள்ளிக்கூட சாப்பாட்டுக்கு அங்க க்யூஷோக்குன்னு பேரு, 1889ல யமகட்டா பக்கம் ட்சுருஓக்காங்கற ஊர்ல ஒரு கோயில் பள்ளிக்கூடத்துல ஏழைப் பிள்ளைங்களுக்கு சோத்து உருண்டை, சுட்ட மீன், ஊறுகாய்னு போட்டதுதான் ஆரம்பம். பிள்ளைங்களே வெள்ளைக் கோட்டு தொப்பி மாட்டிக்கிட்டு முறை வச்சு பரிமாறுவாங்க, அதுக்கு முன்னாடி தலைமை ஆசிரியர் சாப்பிட்டு பாப்பாரு. இதுக்கு ஒருத்தன், "எங்களுக்கும் டீச்சர் சாப்பிட்டு பாத்துட்டுதான்க்கா போடுவாங்க"ன்னான். ஆமால்ல, நம்ம சத்துணவுலயும் அந்த விதி இருக்கே.

சரி, நான் இந்த வீடியோ போடுறதே இனிமே சொல்லப் போறதுக்குத்தான்.

போர்டுல சுனாமின்னு எழுதிட்டு, இது எந்த மொழி வார்த்தைன்னு கேட்டேன். பாதிப் பேரு தமிழ்னாங்க, ஒருத்தன் இங்கிலீஷ்னான். ஜப்பான் வார்த்தைடா, ட்சுன்னா துறைமுகம், நமின்னா அலை, நடுக்கடல்ல இருக்கற படகுக்கு அந்த அலை பெருசா தெரியாது, கரைக்கு வந்து பாத்தாதான் துறைமுகமே இருக்காதுன்னேன். முன் பெஞ்சுல ஒரு பையன் எந்திரிச்சு, "எங்க தாத்தாவும் அதான் சொல்லும், அன்னைக்கு கடலுக்குள்ள இருந்தாங்களாம், ஒண்ணுமே தெரியலயாம், கரைக்கு வந்து பாத்தா ஊரக் காணோமாம்"னான். கிளாஸ் அப்படியே அமைதி ஆயிடுச்சு. 2004 டிசம்பர் 26, இந்த மாவட்டத்துல மட்டும் 6000 பேருக்கு மேல போயிட்டாங்க. இந்தப் பிள்ளைங்க எல்லாம் அதுக்கப்புறம் பொறந்ததுங்க, ஆனா ஒவ்வொரு வீட்லயும் ஒரு போட்டோ மாட்டியிருக்கும்.

அப்புறம் ஹமகுச்சி கோரியோ கதைய சொன்னேன். 1854, இப்ப வகயமான்னு சொல்ற பகுதியில கடலோர கிராமம், பெரிய நிலநடுக்கம், சாயங்காலம் இருட்டுற நேரத்துல அலை வருது. தப்பிக்கிற ஜனத்துக்கு மேட்டுக்கு வழி தெரியல. சோயா சாஸ் வியாபாரக் குடும்பத்துக்காரரு கோரியோ, அவரு வயல்ல கிடந்த வைக்கோல் போருக்கு தீ வைக்கிறாரு, அந்த வெளிச்சத்த பாத்து ஜனம் மேல ஏறுது. பழைய பாடப்புத்தகத்துல இவர ஒரு கிழவரா காட்டி, அறுத்து வச்ச நெல்லையே கொளுத்துனாருன்னு கதையா எழுதிட்டாங்க, நிஜத்துல அவருக்கு அப்ப 30 சொச்சம் வயசுதான். எனக்கு அவர ரொம்பப் பிடிச்சது அதுக்கப்புறம் செஞ்ச வேலைக்காகத்தான். ஊரு அழிஞ்சு ஜனம் பொழப்பு தேடி கிளம்புது, இவரு சொந்தக் காச போட்டு அந்த ஜனத்துக்கே கூலி குடுத்து நாலு வருஷத்துல 5 மீட்டர் உயரம் 600 மீட்டர் நீளத்துக்கு ஒரு கரை கட்டுறாரு, அது 1946ல வந்த சுனாமியில ஊர்ல பெரும்பகுதிய காப்பாத்துச்சு. நவம்பர் 5 உலக சுனாமி விழிப்புணர்வு நாள்னு ஐநா 2015ல அறிவிச்சதே இந்தக் கதைய வச்சுத்தான்.

ஜப்பான்காரன்னா தப்பே பண்ண மாட்டான்னு பசங்க நினைச்சிடக் கூடாதுல்ல, அதனால அங்க பெரிய நிலநடுக்கமும் சுனாமியும் வந்த 2011 மார்ச் 11 பத்தியும் சொன்னேன். இத சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். இஷினோமாக்கியில ஒகவா தொடக்கப்பள்ளி, நிலநடுக்கம் வந்து ஏறக்குறைய 50 நிமிஷம் பிள்ளைங்கள மைதானத்துலயே நிக்க வச்சுட்டாங்க, பின்னாடியே குன்று இருக்கு. 74 பிள்ளைங்க, ஆசிரியர் ஊழியர்னு 10 பேரு, அலையில போயிட்டாங்க. பெத்தவங்க கேஸ் போட்டாங்க, ஸ்கூலும் நிர்வாகமும் பொறுப்புன்னு 2019ல தீர்ப்பு உறுதியாச்சு. அதே நாள்ல கமைஷியில நடுநிலைப்பள்ளி பசங்க, சின்னப் பிள்ளைங்க கைய புடிச்சுக்கிட்டு ஓடுனாங்க, முதல்ல போய் நின்ன இடம் பத்தாதுன்னு தோணுனதும் இன்னும் மேல ஏறுனாங்க, பொழைச்சாங்க. அவங்க அத பல வருஷமா பழகியிருந்தாங்க.

அந்தப் பழக்கம்தான் நான் காட்ட நினைச்சது. பையன் நாற்காலியில குஷன் மாதிரி கிடந்த பஞ்சு வச்ச தலைமூடிய எடுத்து ஒரு பொண்ணுக்கு மாட்டி விட்டேன், போசாய் ஸுகின்னு அதுக்கு பேரு, தலையில ஏதாச்சும் விழுந்தா அடி கொஞ்சம் குறையும். ஒகாஷிமோன்னு அங்க ஒண்ணாவதுலேருந்தே மனப்பாடம், தள்ளாதே, ஓடாதே, பேசாதே, திரும்பிப் போகாதே, நாலுக்கும் முதல் எழுத்து. நம்ம பசங்க அஞ்சே நிமிஷத்துல "தஓபேதி"ன்னு தமிழ்ல ஒண்ணு பண்ணிட்டாங்க.

அப்பதான் அந்த தாத்தா கதை சொன்ன பையன், "ஓடாதேன்னா, சுனாமி வந்தா எப்படிக்கா தப்பிக்கறது?"ன்னு கேட்டான். நல்ல கேள்வி. படிக்கட்டுல, வகுப்புக்குள்ள ஓடக்கூடாது, வெளிய வந்துட்டா மேட்டப் பாத்து ஓடணும். அடுத்த கேள்விக்கு என்கிட்ட உடனே பதில் இல்ல. "எங்க ஊர்ல மேடே இல்லியேக்கா."

உண்மைதானே, கண்ணுக்கெட்டுன தூரம் சமதரை. ஜப்பான்லயும் மேடு இல்லாத கரையோரம் உண்டு, அங்க உறுதியான மாடிக் கட்டடத்த குறிச்சு வச்சு சுனாமிக்கு ஏற வேண்டிய கட்டடம்னு பலகை மாட்டியிருப்பாங்க, சில ஊர்ல அதுக்குன்னே கோபுரம் கட்டியிருக்காங்க. அப்ப நம்ம ஊர்ல எத குறிப்பீங்கன்னு சாக்பீஸ குடுத்தேன். போர்டு முழுக்க ஊர வரைஞ்சுட்டாங்க, கோயில், ஐஸ் பேக்டரி, மீன் ஏலம் போடுற இடம், மாதா கோயில் மாடி, புயலுக்கு கட்டுன பாதுகாப்பு மையம். மாதா கோயில் மாடிப்படி பூட்டியே இருக்கும்னு ஒருத்தி சொன்னா, அதுக்கு குறுக்கு கோடு போட்டாச்சு. கடைசியில பாதுகாப்பு மையம்னு முடிவாச்சு.

சாயங்காலம் நாலு மணிக்கு மிஸ்ஸும் பசங்களுமா சேந்து வகுப்புலேருந்து அங்க வரைக்கும் நடந்தே பாத்தோம், நான் போன்ல டைமர் ஓட்டுனேன். 14 நிமிஷம். திரும்பி வரும்போது தாத்தா கதை பையன் ஒரு சந்து காட்டுனான், வலை காயப்போட்டிருக்கற பக்கமா போகுது. இன்னைக்கு காலையில அந்த வழியா மறுபடி போனோம், 9 நிமிஷம்.