பேதி வார்டில் விடுபடும் கணக்கு

நேயர்களே, வணக்கம்.

கடுமையான பேதியோடு ஒரு குழந்தை ஆஸ்பத்திரிக்கு வந்தால் என்ன செய்வார்கள்? உடம்பிலிருந்து போன நீரையும் உப்பையும் திரும்ப ஏற்றுவார்கள். குடிக்க முடிந்தால் ஓ.ஆர்.எஸ்., முடியாவிட்டால் டிரிப்ஸ். குழந்தைகளுக்குக் கடுமையான பேதியைக் கொண்டுவரும் ரோட்டா வைரஸைக் குணமாக்கவென்று தனி மருந்து இல்லாததால், அதுதான் காரணமா என்று பார்க்கும் பரிசோதனையை மருத்துவர் பெரும்பாலும் கேட்பதில்லை. சீட்டில் ‘வயிற்றுப்போக்கு’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்தக் குழந்தைக்கு அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஊரில் ரோட்டா எவ்வளவு இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

அதனால்தான் சில மருத்துவமனைகளைத் தேர்ந்தெடுத்துக் கண்காணிக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் இதற்காக ஒரு உலகளாவிய வலையமைப்பைத் தொடங்கியது. பேதிக்காகச் சேரும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடமிருந்து மலம் மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். ரோட்டா வார்டுக்குள்ளேயே எளிதில் பரவும். தாமதித்தால் குழந்தை அதை வீட்டிலிருந்து கொண்டுவந்ததா, பக்கத்துக் கட்டிலிலிருந்து தொற்றிக்கொண்டதா என்று பிரிக்க முடியாது. இந்த வேலையில் பாதி பாரம் நர்ஸுகளுடையது. வார்டு நிரம்பி வழியும் நாளில்தான் மாதிரி விட்டுப்போகும், அந்த நாளில்தான் ரோட்டாவும் அதிகம் இருக்கும்.

ரோட்டாவுக்குச் சொட்டாகக் கொடுக்கும் தடுப்பு மருந்து வந்த பிறகு இந்தக் கணக்கைப் படிக்கக் கொஞ்சம் கவனம் வேண்டும். பேதிக்காக 100 குழந்தைகள் சேர்கிறார்கள், அதில் 40 பேருக்கு ரோட்டா என்று வைத்துக்கொள்வோம். சொட்டு மருந்து கொடுத்த பிறகு அந்த 40 பாதியாகி 20 ஆகிறது. மற்ற கிருமிகளால் வரும் 60 அப்படியே இருக்கிறது. இப்போது 80 பேரில் 20 பேர், அதாவது 25 சதவீதம். 40 போய் 25 ஆனதை மட்டும் பார்ப்பவர், நோய் பாதியாகக் குறைந்ததைக் கவனிக்கத் தவறிவிடுவார். 69 நாடுகளில் 2008 முதல் 2016 வரை திரட்டிய கணக்கில் இந்தச் சதவீதம் 38-லிருந்து 23 ஆனது. அந்த இறக்கத்தையும் இப்படித்தான் படிக்க வேண்டும்.

‘சொட்டு மருந்து போட்டும் பேதி வந்ததே’ என்று பெற்றோர் கேட்பதற்கும் அந்த 60-இல்தான் பதில் இருக்கிறது. பேதிக்குக் கிருமிகள் பல. இந்த மருந்து தடுப்பது ரோட்டாவை மட்டும். அதிலும் முக்கியமாக, ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகும் கடுமையான நோயை.

சரி, ரோட்டா இல்லை என்று முடிவு வந்த குழந்தைகளை ஏன் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும்? ரோட்டா இருந்தவர்களில் எத்தனை பேர் சொட்டு மருந்து பெற்றவர்கள், ரோட்டா இல்லாதவர்களில் எத்தனை பேர் அதைப் பெற்றவர்கள் என்று ஒப்பிட்டுத்தான் மருந்தின் பலனை அளக்கிறோம். ஒரு பக்கத்தை விட்டால் ஒப்பிட எதுவும் இல்லை.

கண்காணிப்பு மருந்தையும் கேள்வி கேட்க வேண்டும். 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ரோட்டா தடுப்பு மருந்து, அடுத்த வருடமே திரும்பப் பெறப்பட்டது. குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்ளும் ஆபத்து, மருந்து பெற்ற சில குழந்தைகளிடம் கூடுதலாகத் தெரிந்தது. பக்கவிளைவுகளைப் பதிந்துவந்த ஏற்பாடு இருந்ததால்தான் அது சீக்கிரம் பிடிபட்டது. இன்று புழங்கும் மருந்துகள் வேறு. இவற்றிலும் அந்த ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது. மிகவும் அரிது, கிடைக்கும் பலனோ பல மடங்கு பெரிது. இதை நான் தைரியமாகச் சொல்ல முடிவது, கணக்கு இன்றும் தொடர்வதால்தான்.

பெற்றோரிடம் இரண்டு வேண்டுகோள். வார்டில் மலம் மாதிரி கேட்டால், அனுமதியுங்கள். குழந்தைக்கு வலி கிடையாது. அப்புறம், அவசரத்திலும் தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்து வாருங்கள். ‘போட்டதாக ஞாபகம்’ என்ற பதிலைவிட அட்டையில் இருக்கும் தேதி எங்களுக்கு மிகவும் உதவும்.

நன்றி, வணக்கம்.