ஒரே இலை, மூன்று பெயர்: மூணாறு பிள்ளைகள் போனில் படிக்கும் கதை

[காட்சி: தேயிலைக் காடு, காலை மூடுபனி. ஒரு கொழுந்து, மிக நெருக்கத்தில்.]

இந்த இலை இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரியுமா? காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து, வேர் அனுப்பிய தண்ணீரோடு சேர்த்து, வெயிலை அடுப்பாக வைத்துத் தனக்கான சாப்பாட்டைச் சமைத்துக்கொண்டிருக்கிறது. தமிழ்ப் பாடப் புத்தகத்தில் இதற்குப் பெயர் ஒளிச்சேர்க்கை. மலையாள வீடியோவில் பிரகாச சம்ஸ்லேஷணம். டியூஷன் எடுக்கும் அண்ணன் சொல்வது போட்டோசிந்தசிஸ்.

என் அண்ணன் மகள் மூணாறு இருக்கும் தேவிகுளம் தாலுக்காவில் ஒரு லயத்தில் இருக்கிறாள், ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழி. ஜன்னலைத் திறந்தால் இலைதான். ஆனால் அந்த இலையைப் பற்றிப் போனில் தேட உட்கார்ந்த அன்று, "எந்தப் பேரைப் போடணும் அத்தை?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் நான் கண்டதைத்தான் இந்த வீடியோவில் சொல்லப் போகிறேன்.

[திரையில்: கேரள வரைபடம். தேவிகுளம், பீருமேடு, சித்தூர் ஆகிய இடங்கள் ஒளிர்கின்றன.]

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு நிமிடம். லயம் என்றால் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளிகளுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள். பக்கத்து வீட்டுத் தாளிப்பு நம் வீட்டுக்குள் மணக்கும். தோட்டம் போட்ட காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து மலையேறிய குடும்பங்கள்தான் இங்கே அதிகம். 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றுவிட்டன, பாலக்காட்டுப் பக்கம் சித்தூரும் அப்படித்தான். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், பரீட்சை கேரள அரசின் பரீட்சை, ஆனால் எழுதுவது தமிழில். இப்படி ஒரு பிள்ளைக் கூட்டம் இருக்கிறது என்பதே கொச்சியில் பலருக்குத் தெரியாது, சென்னையிலும் தெரியாது.

சரி, படிப்புக்குள் திரை எப்போது வந்தது? கேரளம் இதில் முன்னாலேயே நடந்த மாநிலம். 2001-இல் பள்ளிகளுக்குக் கணினிக் கல்வியைக் கொண்டுவந்த ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. 2004-இல் கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோள் மேலே போனது, 2005 ஜூலையில் அப்துல் கலாம் விக்டர்ஸ் கல்விச் சேனலைத் தொடங்கி வைத்தார். பின்னால் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை 45,000 வகுப்பறைகளை லேப்டாப், ப்ரொஜெக்டர் வைத்து ஹைடெக் ஆக்குவது என்று திட்டம் போட்டார்கள். தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி வந்தது 2019 ஆகஸ்டில்.

ஆனால் லயத்துக்குள் திரை வந்தது இந்தத் திட்டங்களால் மட்டும் இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை தரையில் விழுந்தது. அடுத்த வருடமே கூகுளில் தமிழிலும் மலையாளத்திலும் வாயால் பேசித் தேடலாம் என்றானது. தமிழில் டைப் அடிக்கத் திணறிய பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை. ஆயாவுக்கும்கூட.

[காட்சி: ரோட்டு வளைவு. மரத்தடியில் குடையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், பின்பக்கமிருந்து.]

அப்புறம் 2020 ஜூன் 1. கொரோனாவால் பள்ளி மூடிக் கிடக்க, ஃபர்ஸ்ட் பெல் என்று விக்டர்ஸ் சேனலில் பாடம் தொடங்கியது. தமிழ் வழி, கன்னட வழிப் பிள்ளைகளுக்கான பாடங்களும் வந்தன. டிவி இல்லாத வீடு, டிவி இருந்தும் மழையில் கரண்ட் போன வீடு, ஒரே போனை அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது கையோடு கொண்டு போய்விடும் வீடு, இப்படிப் பல வீடு. எங்கள் பக்கம் டவர் இல்லை என்று யாரும் சொல்வதில்லை, ரேஞ்சு இல்லை என்போம், மலையாளத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பேச்சு அது. ரேஞ்சு தேடி மேட்டுக்கு ஏறி, ரோட்டு வளைவில் பிளாஸ்டிக் சாக்கை விரித்து, ஒரு போனைச் சுற்றி நாலு தலை. நான் என் கண்ணால் பார்த்த பள்ளிக்கூடம் அது.

அதே வருடம் ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர் போனது. ரேஞ்சு இல்லாமல் அந்தச் செய்தி வெளி உலகத்துக்குத் தெரிய மறுநாள் காலை ஆனது. ரேஞ்சு இல்லை என்பதை எங்கள் மலையில் இணையக் கோளாறு என்று மட்டும் யாரும் நினைப்பதில்லை.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். கொரோனா போனது, பள்ளி திறந்தது, ஆனால் பிள்ளைகள் படிக்கும் முறை பழையபடி திரும்பவில்லை. முன்பு டீச்சர் என்ன சொன்னாரோ அதுதான் பாடம், புரியாவிட்டால் மறுநாள் கேட்பார்கள், அல்லது கேட்கவே மாட்டார்கள். இப்போது புரியாத எதையும் போனில் தேடுகிறார்கள். தேடிப் படிக்கும் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது சரியான சொல். அந்தச் சொல் கையில் இருந்தால்தான் அதற்கு மேல் உள்ள கதவு திறக்கும்.

[திரையில்: மூன்று எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக. 9 லட்சம். 4 லட்சம். 2,000.]

இந்த மூன்று எண்ணைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரு வருடம் பத்தாம் வகுப்பு எழுதுபவர்கள் சுமார் 9 லட்சம். கேரளத்தில் 4 லட்சத்துக்கு மேல். அந்தக் கேரளக் கணக்குக்குள் தமிழில் எழுதுபவர்கள் சுமார் 2,000 பேர். இருநூறு பேரில் ஒருவர்.

இப்போது பாடம் நடத்தும் ஒரு யூடியூபர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். மதுரையில் இருந்தால் 9 லட்சம் பேரின் புத்தகத்துக்குப் பாடம் எடுப்பீர்கள். கோழிக்கோட்டில் இருந்தால் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எடுப்பீர்கள். 2,000 பேருக்காக யார் விளக்கைப் போட்டு மைக்கை மாட்டுவார்கள்? யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. பார்வை எண்ணிக்கையில் ஓடும் வண்டி அது, சின்னக் கூட்டம் நிற்கும் நிறுத்தத்தில் நிற்காது. யூடியூப் அடுத்து எதைக் காட்டுவது என்று முடிவு செய்வதும் பலர் எதைப் பார்த்தார்கள், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்துத்தான். அதனால் எங்கள் பிள்ளை "ஒளிச்சேர்க்கை" என்று கேட்டால் தமிழ்நாட்டுப் பாடம் வருகிறது. விளக்கம் புரிகிறது, ஆனால் பாட வரிசை வேறு, கேள்வி வேறு, படம் வேறு. "பிரகாச சம்ஸ்லேஷணம்" என்று கேட்டால் கேரளப் புத்தகத்தின் அதே பாடம், அதே படம், ஆனால் சொல் அத்தனையும் மலையாளம்.

அண்ணன் மகள் என்ன செய்கிறாள் தெரியுமா? முதலில் தமிழ்நாட்டு வீடியோவைப் பார்த்து விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறாள். அப்புறம் மலையாள வீடியோவில் பரீட்சைக்கு எது வேண்டும் என்று பார்க்கிறாள். கடைசியில் தன் தமிழ்ப் புத்தகத்தை வைத்து இரண்டையும் சேர்த்துத் தைக்கிறாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டம் போட்டு மூன்று மொழிச் சொற்களை எழுதி வைத்திருக்கிறாள், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பதினான்கு வயதுப் பெண் தனக்குத் தானே ஒரு அகராதி போட்டுக்கொண்டிருக்கிறாள். "எப்பப் பாரு போனு" என்று அவள் அம்மா திட்டும்போது எனக்கு நெஞ்சு அடைத்தது. அண்ணியைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அண்ணி ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார்.

ஆனால் ஒரு குறையை மறைக்கக் கூடாது. இத்தனை வீடியோ பார்த்தும் பரீட்சையில் மார்க் வரவில்லை. "பாக்கறப்ப எல்லாம் புரியுது அத்தை, எழுத உக்காந்தா ஒண்ணும் வரல" என்றாள். இதைச் சொல்லாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

[திரையில்: 5 நிமிடம் கழித்து, ஒரு வாரம் கழித்து என இரண்டு பட்டைகள்.]

இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். வீடியோ இல்லை, எழுத்தில் ஒரு சின்னப் பகுதி. ஒரு குழு அதை நான்கு சுற்று படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று படித்துவிட்டு, அடுத்த மூன்று சுற்றும் தாளைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழ். படித்தே இருந்தவர்களுக்கு சுமார் 40 சதவீதம் நினைவில் இருந்தது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு சுமார் 61.

அதாவது கண்ணுக்கு முன்னால் விஷயம் ஓடும்போது நமக்குத் தெரிந்துவிட்டது போல ஒரு எண்ணம் வருகிறது. வீடியோவில் அந்த எண்ணம் இன்னும் கூடுதலாக வரும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் அங்கே தடுமாறாமல் பேசுவது இன்னொருவர், நாம் இல்லை. மூடி வைத்துவிட்டு நாமே சொல்லிப் பார்க்கும்போதுதான் எங்கே ஓட்டை என்று தெரியும். அந்தக் காலத்தில் திண்ணையில் உட்கார்த்தி ஒப்பிக்கச் சொன்னார்களே, அதில் அர்த்தம் தெரியாமல் ஒப்பித்ததை விட்டுவிடுங்கள், வாயால் வெளியே எடுக்கும் வேலை மட்டும் நல்ல வேலை.

இந்த இடத்தில்தான் இரண்டு பிரச்சினையும் எனக்கு ஒன்றாகத் தெரிந்தது. எங்கள் பிள்ளைகள் தேடும்போது தமிழில் கேரளப் பாட வீடியோ எளிதில் கிடைப்பதில்லை. எங்கள் பிள்ளைகளுக்குத் தேவையோ, பார்ப்பதை விடச் சொல்லிப் பார்ப்பது. அப்படியானால் வீடியோவை அவர்களே எடுக்கட்டுமே! கேரளத்து உயர்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் குழுக்கள் இருக்கின்றன, அனிமேஷன், நிரல் எழுதுவது, கேமரா என்று பயிற்சியும் கொடுக்கிறார்கள். தமிழ் வழி இருக்கும் பள்ளிகளில் அந்தக் குழுக்கள் வாரம் ஒரு பாடம் தமிழில் எடுத்தால் போதும், இரண்டே வருடத்தில் இந்த 2,000 பேருக்கும் ஒரு நூலகம் நிற்கும். டீச்சர் சொல் சரியா, விஷயம் சரியா என்று பார்த்துக் கொடுத்தால் போதும். இதை நான் பார்க்கும் ஆசிரியர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

[காட்சி: கவாத்து முடிந்த தேயிலைச் செடி. இலையே இல்லாத வெறும் கிளைகள்.]

நாங்கள் காத்திருக்கவில்லை. அண்ணன் மகளும் லயத்துத் தோழிகள் மூன்று பேரும், ஒரு பழைய போன், சமையல் மேடையில் அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்து. முதல் பாடம் ஒளிச்சேர்க்கை. நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தாள், "இலைதான் செடியின் சமையலறை, இலை இல்லாவிட்டால் செடிக்குச் சாப்பாடு இல்லை" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். "அப்ப கவாத்து வெட்டின செடி எப்படிப் பொழைக்குது?" கவாத்து என்றால் தேயிலைச் செடியின் கிளைகளை இலையோடு வெட்டிவிடுவது.

யாருக்கும் தெரியவில்லை. போனில் தேடவில்லை, என் அப்பாவிடம் போனார்கள், காலமெல்லாம் கவாத்துக் கத்தி பிடித்தவர். "வேருல சத்து இருக்கான்னு பாத்துட்டுத்தானம்மா வெட்டச் சொல்வாங்க" என்றார். வேர்த் துண்டை வெட்டி ஒரு மருந்து விடுவார்களாம், கருநீலமாக மாறினால் வெட்டலாமாம். அந்த மருந்து அயோடின். பள்ளி ஆய்வகத்தில் இலையில் ஸ்டார்ச் இருக்கிறதா என்று பார்க்க விடும் அதே அயோடின்! இலை இருந்த காலத்தில் சமைத்ததில் மிச்சம் வேரில் ஸ்டார்ச்சாகச் சேர்ந்திருக்கிறது, வெட்டிய பிறகு அதை எடுத்துத்தான் புதுத் துளிர் வருகிறது. அவள் பார்த்த எந்த வீடியோவிலும் இது இல்லை.

நாலாவது முறை எடுத்தது சரியாக வந்தது, ஆறு நிமிடம். தாத்தாவும் வருகிறார், கையில் கத்தியோடு. தகரக் கூரையில் மழைச் சத்தம் கொஞ்சம் கேட்கும். போன வாரம் வரை 37 பேர் பார்த்திருக்கிறார்கள், அதில் சிலர் பீருமேட்டுப் பிள்ளைகள்.

அடுத்து என்ன பாடம் என்று கேட்டேன்.

"மின்சாரம் அத்தை. மழை விடட்டும், எடுக்கலாம்."