ஒஸ்லோவில் ஒரு செமஸ்டர்: யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு மட்டும் 547 யூரோ குறைவு, ஏன் தெரியுமா?

[காட்சி: யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தி, காலை நேரம். கம்பஸ் பக்கம் போகும் சைக்கிள்கள்.]

கொழும்பில் படிக்கிற பிள்ளை எராஸ்முஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் படிக்க நோர்வேயின் ஒஸ்லோவுக்குப் போனால் பயணக் காசாக 1,735 யூரோ கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் படிக்கிற பிள்ளை அதே ஒஸ்லோவுக்கு, அதே திட்டத்தில், அதே விமானத்தில் பக்கத்துச் சீட்டிலேயே போனாலும் 1,188 யூரோதான். 547 யூரோ குறைவு. இதில் அரசியல் இல்லை, யாரும் வஞ்சகம் செய்யவும் இல்லை. குற்றவாளி யார் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். இப்போதே சொன்னால் வீடியோவை மூடிவிட்டுப் போய்விடுவீர்கள், எனக்குத் தெரியும்.

வணக்கம் உறவுகளே. போன வீடியோவுக்குக் கீழே பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணா, கம்பஸில் படிக்கும்போதே ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்கலாமாமே, உண்மையா?" உண்மைதான்.

அடிப்படையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இங்கத்தைய மாணவராகவே இருப்பீர்கள், ஒரு செமஸ்டர் அங்கே போய்ப் படிப்பீர்கள், அங்கே கல்விக் கட்டணம் இல்லை, பெறுபேற்றோடு திரும்பி வருவீர்கள். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் இடையில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். உங்கள் பெயரை இங்கிருந்துதான் பரிந்துரைக்க வேண்டும், நீங்களாகப் போய்க் கதவைத் தட்ட முடியாது. சரி, முடிந்தது.

இனி கதைக்கு வருவோம். 1957 இல் சோஃபியா கொராடி என்று ஒரு இத்தாலியப் பெண், ரோமில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர், ஃபுல்பிரைட் புலமைப்பரிசில் எடுத்து நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஒப்பீட்டுச் சட்டத்தில் முதுமாணிப் பட்டமே வாங்கிவிட்டார். ஊர் திரும்பி, ரோமில் மிச்சம் இருந்த படிப்போடு இதையும் சேர்த்துக் கணக்கெடுங்கள் என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்டால், முடியாது என்றார்கள். அதோடு விட்டார்களா? அமெரிக்காவில் ஊர் சுற்றிவிட்டு வந்தவர் போல எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்தி அனுப்பினார்கள். கொலம்பியா என்பது தெருமுனை ட்யூட்டரி இல்லை என்று அந்த அலுவலருக்கு யார் சொல்வது?

நம்மில் ஒருவர் என்றால் என்ன செய்வோம்? ஒரு பேஸ்புக் பதிவு, 200 லைக், அடுத்த நாள் மறந்துவிடுவோம். அந்தப் பெண் மறக்கவில்லை. படித்ததைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 1969 இலிருந்து அமைச்சு, கூட்டம், மாநாடு என்று படியேறிப் படியேறி, கடைசியில் 1987 இல் ஐரோப்பாவில் எராஸ்முஸ் திட்டம் பிறந்தது. முதல் வருடம் 11 நாடுகள், 3,244 மாணவர்கள். அவரை "மம்மா எராஸ்முஸ்" என்றே கூப்பிட்டார்கள். 2025 ஒக்டோபரில், 91 வயதில் காலமானார். இன்று அதே திட்டத்தின் பெயரால் ஐரோப்பாவுக்கு வெளியே இருக்கிற நாமும் போய் வரலாம். நோர்வே போன்ற நாடு என்றால் மாதம் 900 யூரோ கைச்செலவுக்கு. ஒரு அலுவலர் ஒரு மாணவியைத் திட்டியதால் வந்த வரவு இது. திட்டு வாங்கினால் இப்படி வாங்க வேண்டும்.

[காட்சி: காணி உறுதி ஒன்றின் அருகில் படம். பெயர்கள் மறைக்கப்பட்டவை.]

இந்தக் கதையை ஏன் இவ்வளவு நேரம் இழுத்தேன்? அந்த அம்மாவுக்கு நடந்தது இப்போதும் நடக்கிறது. திட்டு மட்டும்தான் இல்லை, விளைவு அதேதான். போகும்போது குளிர்ச்சட்டை, சூட்கேஸ், விமானச் சீட்டு என்று ஓடித் திரிகிறோம். திரும்பி வந்தபின் "இந்தப் பாடத்தை நாங்கள் எப்படிக் கணக்கெடுப்பது?" என்று துறையில் கேட்கும்போதுதான் முழிக்கிறோம்.

முதல் பொறி கிரெடிட் எண்ணிக்கை. கிரெடிட் என்றால் ஒரு பாடத்துக்கு எவ்வளவு உழைப்பு என்று அளக்கும் அலகு. ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். இலங்கையில் ஒரு முழு வருடத்துக்கே 30 கிரெடிட். உடனே ஒருவர் நினைப்பார்: அடடா, ஒரு செமஸ்டரில் ஒரு வருடத்தை முடித்துவிடலாமே! தம்பி, நில்லுங்கள். நம் ஊரில் 16 பரப்புக் காணி என்றால் ஒரு ஏக்கர். 16 பரப்பு வைத்திருக்கிறவர் ஒரு ஏக்கர் வைத்திருக்கிறவரைப் பார்த்து "உன்னைவிட 16 மடங்கு எனக்கு" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் இது. ஐரோப்பியக் கிரெடிட் ஒன்று 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இலங்கையின் தகைமைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் 50 மணி நேரம். இதில் விரிவுரை மட்டுமில்லை, வீட்டில் படிப்பது, ஒப்படை எழுதுவது எல்லாம் அடக்கம். ஆகவே அங்கத்தைய 30 இங்கே ஏறத்தாழ 15. ஒரு செமஸ்டருக்கு ஒரு செமஸ்டர், அவ்வளவுதான். கூட எதிர்பார்த்தால் ஏமாற்றம், குறைவாகத் தந்தால் கேள்வி கேளுங்கள்.

இதற்கு மருந்து ஒரு தாள். லேர்னிங் அக்ரிமென்ட் என்பார்கள். அங்கே எந்தப் பாடம் படிக்கிறேன், அது இங்கே எந்தப் பாடத்துக்குப் பதிலாக நிற்கும் என்று எழுதி, நீங்கள், இங்கத்தைய பல்கலைக்கழகம், அங்கத்தைய பல்கலைக்கழகம், மூன்று தரப்பும் கையெழுத்து. விமானம் ஏறும் முன் மூன்று கையெழுத்தும் இருக்க வேண்டும். "பிறகு பார்ப்போம், பிரச்சினை வராது" என்று யாராவது அன்பாகச் சொன்னால் சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டுங்கள். அங்கே போன முதல் வாரமே ஒரு பாடம் ரத்தாகலாம், இரண்டு பாடம் ஒரே நேரத்தில் மோதலாம். மாற்றினால் மாற்றிய தாளிலும் மூன்று கையெழுத்து. இன்னொன்றும் கேட்டு வையுங்கள்: அங்கே எடுக்கும் புள்ளி உங்கள் ஜிபிஏயில், அதாவது சராசரிப் புள்ளியில், சேருமா, இல்லை சித்தி (பாஸ்) என்று மட்டும் போடுவார்களா? வகுப்புச் சித்தி எதிர்பார்க்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

காலக் கணக்கு. நோர்வேயில் இலையுதிர் செமஸ்டர் ஓகஸ்டில் தொடங்கி டிசம்பரில் முடியும், அடுத்தது ஜனவரியிலிருந்து ஜூன் வரை. ஜெர்மனியில் குளிர்கால விரிவுரைகள் ஒக்டோபரில். நம் செமஸ்டர் எப்போது தொடங்கும்? [மூன்று வினாடி மௌனம். காகம் கரையும் சத்தம்.] கொரோனா, வேலைநிறுத்தம் என்று தள்ளித் தள்ளி நம் நாட்காட்டி அவர்களுடையதோடு ஒட்டவே ஒட்டாது. நீங்கள் அங்கே பனியில் நிற்கும்போது உங்கள் பட்ச் இங்கே பரீட்சை எழுதும். பல பீடங்களில் தவறவிட்ட பரீட்சையைப் பிறகு எழுதினால் ரிப்பீட் கணக்கு, எவ்வளவு நன்றாகச் செய்தாலும் "சி"க்கு மேல் ஏறாது. ஆகவே பீடச் சபை வழியாக முன்கூட்டியே எழுத்தில் அனுமதி எடுங்கள், பிறகு எழுதுவதும் முதல் தடவையாகவே கணக்கிடப்படும் என்று அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள் என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

சரி, 547 யூரோ. காத்திருந்தவர்களுக்கு நன்றி, இடையில் தள்ளிவிட்டு நேரே இங்கே வந்தவர்களுக்கும் வணக்கம்.

எராஸ்முஸ் பயணக் காசை விமானச் சீட்டைப் பார்த்துத் தருவதில்லை. அனுப்பும் பல்கலைக்கழகம் இருக்கும் ஊருக்கும் போகும் ஊருக்கும் நடுவில் நேர்கோட்டில் எத்தனை கிலோமீற்றர் என்று பார்த்துத் தருகிறார்கள். 2024 வழிகாட்டியின்படி 4,000 முதல் 7,999 கிலோமீற்றர் வரை 1,188 யூரோ. 8,000 தொட்டால் 1,735. நான் இரவு இருந்து கணக்குப் போட்டேன். கொழும்பிலிருந்து ஒஸ்லோ சுமார் 8,190 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து சுமார் 7,930. நாம் வடக்கே இருப்பதால் ஒஸ்லோவுக்குக் கிட்டவாம்! இவ்வளவு காலமும் எல்லாவற்றுக்கும் தூரம், தூரம் என்று சொன்னார்கள், காசு தரும் இடத்தில் மட்டும் கிட்ட வந்துவிட்டோம். கிளிநொச்சியில் இருக்கிற பொறியியல் பீடத்திலிருந்து அளந்தால் கிட்டத்தட்ட எல்லைக் கோட்டிலேயே வந்து நிற்கிறது. பீடத்தைக் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருக்கலாம்.

இதில் பெரிய பகிடி என்னவென்றால், அந்த 7,930 கிலோமீற்றர் கோட்டில் எந்த விமானமும் பறப்பதில்லை. நீங்கள் முதலில் இரவு பஸ் ஏறி, 400 கிலோமீற்றர் தெற்கே போய், கட்டுநாயக்காவில் விமானம் பிடித்து, மறுபடி வடக்கே வர வேண்டும். யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு மேலாகப் பறந்தால் கீழே பார்த்து அம்மாவுக்குக் கை காட்டலாம். அந்த பஸ் காசையும் சாப்பாட்டையும் யார் தருவது? கோபிக்க வேண்டாம், 1,188 யூரோவும் சும்மா வருவதுதான். ஆனால் பட்ஜெட் போடும்போது கொழும்பு நண்பரின் கணக்கைப் பார்த்து எழுதாதீர்கள்.

நோர்வே, நோர்வே என்று ஏன் நிற்கிறேன்? குருநகர், காரைநகர் ஆட்களுக்குச் "சீநோர்" என்றால் தெரியும். வலைத் தொழிற்சாலை, படகுத் தளம். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? சிலோன், நோர்வே: சீ-நோர். 1956 இல் நோர்வேக்குப் போன யாழ்ப்பாணத்தவர் அந்தோனி ராஜேந்திரம் தொடக்கிவைத்த முயற்சி அது. அவருக்குப் பின் 70களிலும் 80களிலும் நம் பிள்ளைகள் அங்கத்தைய மக்கள் உயர்பள்ளிகளில் படிக்கப் போனார்கள், வடக்கு நோர்வேயின் மீன் ஆலைகளில் வேலை செய்தார்கள். அவர்கள் யாரும் லேர்னிங் அக்ரிமென்ட் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஆவணங்கள், வேகமாக. கடவுச்சீட்டு: 2025 செப்டம்பரிலிருந்து யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்டச் செயலக) வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது, கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. சான்றிதழ் உறுதிப்படுத்தும் கொன்சியூலர் கிளையும் அங்கேதான். விசா: 90 நாளுக்கு மேல் என்றால் சுற்றுலா விசா போதாது. நோர்வே 2023 இல் கொழும்புத் தூதரகத்தை மூடிவிட்டது, இப்போது டெல்லித் தூதரகம்தான் நமக்கும். ஜெர்மனி என்றால், செலவுக்குக் காசு இருக்கிறது என்று காட்ட வங்கியில் முடக்கிவைக்கும் கணக்கு, மாதம் 992 யூரோ என்ற கணக்கில். புலமைப்பரிசில் கடிதம் இருந்தால் அதையும் ஏற்பார்கள்.

பெயர் விஷயத்தில் மட்டும் நிற்கிறேன், ஏனென்றால் எனக்கே நடந்தது. படிவத்தில் குடும்பப் பெயர் என்று கேட்பார்கள். நமக்கு எங்கே குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரை எழுதுவோம். அப்புறம் செமஸ்டர் முழுக்க அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். வகுப்பில் "மிஸ் கந்தசாமி" என்றால் எழும்ப வேண்டியது மகள். எனக்கு முதல் இரண்டு வாரம் மூளையில் ஏறவில்லை, அப்பா வாசலில் வந்து நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். பகிடி ஒரு பக்கம், பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்கும்போது கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டையே அப்படியே போடச் சொல்லுங்கள். ஒரு "எச்" கூடினால் நீங்கள் இரண்டு ஆட்கள். என்னுடைய மொழிபெயர்ப்பில் அந்த "எச்" கூடி, திரும்ப அடித்து முத்திரை குத்த ஒன்பது நாள் போனது.

அம்மாமாருக்கு ஒரு செய்தி: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோக முடியாது. தேங்காய், வாழைப்பழம், அன்னாசிக்குச் சான்றிதழ் வேண்டாம், மாம்பழத்துக்கு வேண்டும். கருவாடு? 20 கிலோ வரை அனுமதி. சட்டம் அனுமதிக்கிறது, அறைத்தோழர் அனுமதிப்பாரா என்பதை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

போய் வந்தவர்கள் கீழே எழுதுங்கள்: எந்தப் பீடம், அங்கே எத்தனை கிரெடிட் எடுத்தீர்கள், இங்கே எத்தனையை ஏற்றுக்கொண்டார்கள். எண்ணிக்கை மட்டும் போதும், பெயர் வேண்டாம். 20 பேர் எழுதினால் அதையே ஒரு அட்டவணையாக்கி அடுத்த வீடியோவில் போடுகிறேன். சப்ஸ்கிரைப் செய்யாதவர்கள் செய்துவிடுங்கள், கையெழுத்து ஒன்று போதும், மூன்று தேவையில்லை.