மிச்சம் மூன்று நிமிடம்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் மக்களே. கீழக்கரையில், வள்ளல் சீதக்காதி சாலையில் நிற்கிறேன். பின்னால் ஒரு செல்போன் கடை தெரிகிறதா? தொண்ணூறுகளில் அது கேசட் கடை. ரெக்கார்டிங் கடை என்றுதான் சொல்வோம். நோன்பு மாதம் வந்தால் நாகூர் ஹனிபா குரல் இந்தத் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

நோட்டுத் தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் பாய் இரண்டு நாளில் பதிந்து தருவார். எங்கள் பட்டியலில் பாதி இலங்கை வானொலியில் கேட்டதாக இருக்கும். கடலுக்கு அந்தப் பக்கம்தானே, அவ்வளவு தெளிவாக எடுக்கும். படம் பெயர் தெரியாவிட்டால் மெட்டை முனகிக் காட்டுவேன், பாய் கண்டுபிடித்துவிடுவார்.

90 கேசட் கேட்டால் தர மாட்டார். "டேப்பு மெல்லிசு தம்பி, சிக்கிக்கும். 60 எடுத்துக்க." 60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு ஆறு போட்டால் 27 போய்விடும், மிச்சம் மூன்று. வேறு கடைகளில் அதில் ஏழாவது பாட்டைத் தொடங்கிப் பாதியில் வெட்டிவிடுவார்கள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. பாய் வெட்ட மாட்டார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் சபராளி வீட்டுக் கேசட் என்று தெரிந்தால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுத் தருவார்.

வாப்பா அப்போது துபாயில். உம்மா கதவைச் சாத்திக்கொண்டு, ரெக்கார்ட் பொத்தானையும் பிளே பொத்தானையும் சேர்த்து அமுக்கி, அந்த மூன்று நிமிடத்தில் பேசுவார். அழிந்துவிடக் கூடாது என்று கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டை நான் உடைப்பேன். அப்புறம் யாராவது ஊரிலிருந்து கிளம்பும்போது கையில் கொடுத்தனுப்புவோம்.

வாப்பா திரும்பி வந்தபோது பத்திரமாக எடுத்து வந்த ஒன்று இதோ. நம்ம ஊர் ஈரக்காற்றில் டேப் ஓரம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. போன வாரம் பழைய பிளேயர் ஒன்றைத் தேடிப்பிடித்து, ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டுப் போட்டேன். பாட்டெல்லாம் மங்கல். ஆறும் முடிந்ததும் ஒரு கரகரப்பு, அப்புறம் உம்மா. "கிணத்துத் தண்ணி இன்னும் உப்பாத்தான் கெடக்கு. இவனுக்கு முன்பல்லு விழுந்திருச்சு. நீங்க வரும்போது..." அங்கே டேப் முடிந்துவிட்டது.

நேற்று உம்மாவிடமே கேட்டேன், என்ன கேட்டீங்க என்று. கொஞ்ச நேரம் யோசித்தார்.

"குடை."