பூங்கா இடத்தை ஊராரைக் கேட்காமல் விற்கலாமா?

அடுத்த கேள்வி ராமநாதபுரம் கடற்கரையோரப் பேரூராட்சி ஒன்றிலிருந்து ஓர் அம்மா அனுப்பியது. ஊர்ப் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வாசிக்கிறேன். "எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கு விட்ட இடத்தை விற்று விடுதி கட்டப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. டெக்ஸாஸில் இருக்கும் என் மகன், அங்கே பூங்காவை விற்பதென்றால் ஊரில் ஓட்டெடுப்பு நடத்தியாக வேண்டும் என்கிறான். இங்கே எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது செல்லுமா?"

அம்மா, உங்கள் மகன் சொன்னது சரிதான். டெக்ஸாஸ் மாநிலச் சட்டப்படி, நகராட்சிக்குச் சொந்தமான பூங்காவை விற்க அந்த ஊர் வாக்காளர்களில் பெரும்பான்மையோர் தேர்தலில் சம்மதிக்க வேண்டும். சில விலக்குகள் உண்டு. கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில் இன்னும் கடுமை. பூங்காவென்று அர்ப்பணித்த நிலத்தை வேறு காரியத்துக்குத் திருப்ப மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும்.

நம் ஊரில் அப்படி ஓட்டெடுப்பு கிடையாது. "கிராம சபை இருக்கிறதே" என்று பலர் கேட்கிறார்கள். அது ஊராட்சிக்கு, உங்களுடையது பேரூராட்சி. பேரூராட்சிக்கும் நகராட்சிக்கும் 2022இல் விதிகள் போட்டுப் பகுதி சபா கொண்டுவந்தார்கள். அங்கே போய்ப் பேசலாம், பதிவு செய்யச் சொல்லலாம். ஆனால் விற்பனையை நிறுத்தும் ஓட்டு உங்கள் கையில் இல்லை.

அதற்காக மனம் தளர வேண்டாம். அந்த இடம் பேரூராட்சிக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். பத்து ஏக்கர் மனைப்பிரிவு, சாலை மூன்று ஏக்கர் என்றால் 70 சென்ட் பூங்காவுக்கு. அந்த 70 சென்ட்டை மனை போட்டவர் தன் கைக்காசிலா கொடுத்தார்? உங்கள் மனையின் விலையில் ஏற்றி உங்களிடம்தான் வாங்கினார். பேரூராட்சி அதை உங்களுக்காக வைத்துக் காக்கிறது, அவ்வளவுதான்.

உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லி வெகுகாலம் ஆகிறது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். முதலமைச்சரே சொல்லி நடந்த ஒதுக்கீடு அது. குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991இல் ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பானது. வழக்குப் போட உங்களுக்கு என்ன உரிமை என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது: அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு உரிமை உண்டு. லக்னோவில் ஜண்டேவாலா பூங்காவுக்கு அடியில் வணிக வளாகம் கட்டினார்கள். அங்கே மாநகராட்சியின் தீர்மானமே இருந்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் கட்டியதை இடித்துவிட்டுப் பூங்காவைத் திரும்ப அமைக்கச் சொன்னது. ஆகவே "மன்றத்தில் தீர்மானம் போட்டாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஓட்டெடுப்பு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு மேல் "விற்றுவிடு, மழைநீர்க் கால்வாய் கட்டலாம்" என்றால் டெக்ஸாஸில் பூங்கா போய்விடும். ஆனால் அங்கே விற்பதை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் விற்க முடியும். நாம் ஏங்க வேண்டியது அதற்குத்தான். இதே கடற்கரையில் இன்னோர் ஊரின் மன்றக் கூட்டப் பொருளை ஒருமுறை பார்த்தேன். தெருவிளக்குக்குப் பல்பு வாங்கிய செலவுக்கும் குடிநீர் லாரி வாடகைக்கும் நடுவே ஒற்றைப் பத்தி: "பயன்பாடின்றிப் புதர் மண்டிக் கிடக்கும் இடம்." நேரில் போனேன். சீமைக் கருவேலம் ஆளுயரத்துக்கு நின்றது. "பூங்கா" என்று எழுதிய தகரப் பலகை மணலில் குப்புறக் கிடந்தது, அதன்மேல் யாரோ கருவாடு காயப்போட்டிருந்தார்கள். இருபது வருடம் ஒரு வேப்பங்கன்று கூட நடாமல் விட்டவர்களே அதைப் புதர் என்று எழுதுகிறார்கள்!

நீங்கள் செய்ய வேண்டியது இது. அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகலை நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் தானப் பத்திரத்தின் எண் கிடைக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்குங்கள். தீர்மானம் போட்டார்களா என்று தெரிய, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு. பதிலுக்கு 30 நாள். மனுவை எழுதிவிட்டுக் காத்திருக்காமல், செயல் அலுவலருக்கும் ஆட்சியருக்கும் ஆட்சேபணைக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வேலை தொடங்கினால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. தானப் பத்திரமே எழுதாமல் விட்டிருந்தால் மனை போட்டவரின் வாரிசுகள் உரிமை கொண்டாடி வருவார்கள். அப்போது வரைபடம்தான் உங்கள் ஆயுதம். கடலை ஒட்டிய இடமென்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் குறுக்கே வரும். அது தனிக் கதை, இன்னொரு நாள் பேசலாம்.

கடைசியில், நாங்களே வேலி போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. நாளைக்கு ஆக்கிரமிப்பு என்று உங்கள் மேலேயே திருப்புவார்கள். வேலி போட்டுத் தரும்படி பேரூராட்சிக்கு எழுதுங்கள், தெருவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி. அதுபோலப் "பூங்கா" என்று எழுதிய பலகை உங்கள் இடத்தில் இன்னும் நிற்கிறதென்றால், தேதி தெரியும்படி இன்றைக்கே ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது, தொண்டியிலிருந்து ஒருவர் பட்டா மாறுதல் பற்றிக் கேட்டிருக்கிறார்.