கஞ்சி போட்ட கருப்புத் துணி

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே மின்சார ஸ்கேட்போர்டு செய்த அனுபவத்தைப் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பிள்ளைகள் ஒரு காலால் உந்தி உந்தி ஓட்டும் நாலு சக்கரப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு அடியில் ஒரு மோட்டாரும் பேட்டரியும் வைத்து, கையில் ஒரு ரிமோட்டைக் கொடுத்துவிட்டால் அதுதான் மின்சார ஸ்கேட்போர்டு. மோட்டார், பேட்டரி எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆனால் முதலில் துணியைப் பற்றிப் பேசிவிடுகிறேன். நான் ஏறி நிற்கும் அந்தப் பலகையே ஒரு துணிதான், கார்பன் ஃபைபர் துணி.

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். தாத்தா கைலி நெய்தவர். வீட்டுக்குள் நுழைந்ததும் தறிக்குழிதான் முதலில் கண்ணில் படும். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டுவார்கள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நூல். அதில் கஞ்சியைத் தடவி, நீளமான புருசால் இழுத்து இழுத்து விடுவார்கள். அரைத் தூக்கத்தில் இருக்கும் என்னைத் தாத்தா எழுப்புவார். "வெயில் ஏர்றதுக்குள்ள முடிக்கணும்டா, எழுந்திரு." வெயில் வந்துவிட்டால் கஞ்சி சீக்கிரம் காய்ந்து, ஒரு இடத்தில் கட்டியாகவும் இன்னொரு இடத்தில் ஒன்றுமே இல்லாமலும் நின்றுவிடும். அப்புறம் தறியில் அந்த இடத்தில்தான் இழை அறும். இந்தக் கஞ்சியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

கார்பன் ஃபைபர் என்றால் ராக்கெட், விமானம் என்று பெரிய பேச்சாக இருக்கும். கையில் வாங்கிப் பார்த்தால் கருப்புத் துணி, அவ்வளவுதான். நீளவாக்கில் ஓடும் பாவு உண்டு, குறுக்கே ஓடும் ஊடை உண்டு. நான் வாங்கியது இரண்டு நூலுக்கு மேலே, இரண்டு நூலுக்குக் கீழே என்று போகும் நெசவு. ஜீன்ஸ் பேன்ட்டில் சாய்வாகக் கோடு ஓடுமே, அதே சாதி. அதில் ஒவ்வொரு நூலுக்குள்ளும் 3000 இழைகள். ஒவ்வொன்றும் நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமன்.

இது எங்கிருந்து வந்தது என்று தேடியபோது எனக்கு ஒரு சந்தோஷம். 1879-இல் எடிசன் எரியவைத்த பல்புக்குள் இருந்தது கரியாக்கிய பருத்தி நூல். பருத்தி நூல்! இன்றைக்கு நாம் வாங்கும் கார்பன் துணிக்கு மூலம் வேறு. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானில் அகியோ ஷிண்டோ என்ற விஞ்ஞானி, ஸ்வெட்டருக்கு வரும் அக்ரிலிக் நூலின் வகையைச் சேர்ந்த இழையிலிருந்து இதைச் செய்து காட்டினார். காற்றுப் படாமல் 1000 டிகிரிக்கு மேலே சுடுவார்கள். நம் பக்கம் சீமைக்கருவேல மரத்தை மண் போட்டு மூடிக் கரிமூட்டம் போடுவதும் இதே தத்துவம்தான். காற்று இருந்தால் சாம்பல், இல்லாவிட்டால் கரி.

சரி, துணி எப்படிப் பலகை ஆகும்? கஞ்சி போட்ட வேட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்ததும் தானாக நிற்கும். இங்கே கஞ்சிக்குப் பதில் எபாக்சி ரெசின் என்ற, இறுகிப்போகும் பசை. பத்துப் பன்னிரண்டு அடுக்குத் துணியை ரெசினில் நனைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இறுகவிட்டால் பலகை.

என் முதல் பலகையில் எல்லா அடுக்கையும் நேராக வைத்தேன். இரண்டு செங்கல் மேல் வைத்து ஏறி நின்றால் அசையவில்லை. ஆனால் ஓட்டும்போது ஒரு பக்கம் சாய்ந்தால் முன்பக்கம் ஒரு மாதிரியும் பின்பக்கம் ஒரு மாதிரியும் முறுக்கிக்கொள்ளும். கயிறு தளர்ந்த கட்டிலில் நிற்கிற மாதிரி.

இப்போது பக்கத்தில் ஒரு கைக்குட்டையோ துண்டோ இருந்தால் எடுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள். இரண்டு எதிர் ஓரங்களைப் பிடித்து நேராக இழுங்கள். இழுபடாது. இப்போது எதிர் எதிர் மூலைகளைப் பிடித்துக் குறுக்காக இழுங்கள். எவ்வளவு நீள்கிறது பார்த்தீர்களா? நூல் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில்தான் துணிக்குப் பலம். பலகையை முறுக்கும்போது இழுவை மூலைவாட்டாக வருகிறது. என் பலகையில் அந்தத் திசையில் ஒரு நூல்கூட இல்லை. தறி வீட்டில் வளர்ந்த எனக்கு இது உறைக்க ஒரு பலகை வீணாக வேண்டியிருந்தது. இரண்டாவது பலகையில் பாதி அடுக்கைச் சாய்வாக வெட்டி வைத்தேன். முறுக்கல் போயே போய்விட்டது.

அடுத்தது வாழைப்பட்டை. பிளந்து பார்த்தால் மேலும் கீழும் மெல்லிய தோல், நடுவில் அறை அறையாகக் காற்று. அதனால்தான் அவ்வளவு லேசு. பலகை வளையும்போது மேல்தோலும் அடித்தோலும்தான் பாடுபடுகின்றன, நடுப்பகுதிக்கு வேலை குறைவு. கரும்பை முழங்காலில் வைத்து உடைத்தால் வெளிப்பக்கம்தானே முதலில் பிளக்கிறது? அதனால் நடுவில் லேசான மரத் தகடு வைத்து, மேலும் கீழும் துணி. இப்போது என் பலகை 1 கிலோ 300 கிராம், நான் 72 கிலோ.

இனி கஞ்சிக்கு வருகிறேன். எபாக்சியில் ரெசின் தனி, அதை இறுகவைக்கும் ஹார்டனர் தனி. நான் வாங்கியதற்கு 100 கிராமுக்கு 30 கிராம் கணக்கு. தராசில் நிறுத்துதான் கலக்க வேண்டும், கண் அளவு கூடாது. ஹார்டனர் கூட ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்று நினைத்துவிடாதீர்கள். கடைசிவரை பிசுபிசு என்றே கிடக்கும். கலந்ததும் சூடு உண்டாகும். சூடு ஏற ஏற வேகமாக இறுகும், இறுக இறுக இன்னும் சூடு. நம் வேலூர் வெயிலில் இதைச் செய்தால் என்ன ஆகும்? மே மாதம், மத்தியானம், பிளாஸ்டிக் மக்கில் 400 கிராம் கலந்து வைத்துவிட்டுத் துணி எடுக்கத் திரும்பினேன். புகை வந்தது. மக்கின் அடி உருகித் தரையில் ஒழுகியது. சத்துவாச்சாரியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுத் தரையில் அந்த மஞ்சள் வட்டம் இன்னும் இருக்கிறது.

அன்றைக்குத்தான் தாத்தாவின் குரல் கேட்டது. வெயில் ஏறுவதற்குள் முடிக்கணும். அதற்கப்புறம் விடியற்காலை நாலு மணிக்குத்தான் ரெசின் கலக்கிறேன். ஒரு தடவைக்கு 100 கிராம், அகலமான தட்டில் பரப்பி. குவித்து வைக்காமல் பரப்பினால் சூடு தங்காது. ஒரு பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி நனைக்க வேண்டும். காய்ந்த இடம் மங்கலான சாம்பல் நிறம், நனைந்த இடம் பளபளவென்று கருப்பு. டார்ச் லைட்டைச் சாய்த்துப் பிடித்தால் ஒரு புள்ளிகூடத் தப்பாது. தாத்தா பாவைப் பார்ப்பதும் அப்படித்தான், கண்ணை நூல் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் பார்ப்பார்.

அப்புறம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சிவிட வேண்டும். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் போதும், மெக்கானிக் கடையில் கிடைக்கும். ஜூஸ் பாக்கெட்டை உறிஞ்சினால் ஒட்டிக்கொள்கிறதே, அதே மாதிரி. முழுதாக உறிஞ்சினால் வெளிக்காற்று ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் அழுத்தும். என் பலகை அளவுக்கு அது ஏறக்குறைய 2 டன். எந்தச் செலவும் இல்லாமல் ஒரு லாரிச் சுமை மேலே ஏறி உட்கார்ந்த மாதிரி. கூடுதல் ரெசினும் காற்றுக் குமிழும் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

இறுகிய பலகையை மறுநாளே வெயிலில் நிறுத்தாதீர்கள். கருப்பு நிறம், நம் ஊர் வெயில், 60 டிகிரியைத் தாண்டும், புது ரெசின் இளகி வளைந்துவிடும். சமதளமாகத் தாங்கல் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றிப் பழக்க வேண்டும். அறுக்கும்போதும் துளை போடும்போதும் முகக்கவசம் கட்டாயம். தண்ணீர் விட்டுத் தேயுங்கள். அந்தக் கரித்தூள் தோலில் குத்தினால் இரண்டு நாள் அரிக்கும்.

வானொலியில் பேசுவதால் இதை விட்டுவிட மனமில்லை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் வானொலி அலையை மறிக்கும். அழகாக இருக்கட்டும் என்று அடியில் இருந்த பெட்டியையும் கார்பனிலேயே செய்து, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் கருவியை உள்ளே வைத்து மூடிவிட்டேன். ஒரு திருப்பத்தில் சிக்னல் அறுந்தது. பிரேக்கும் அதே ரிமோட்டில்தான். புல்தரையில் விழுந்ததால் முழங்கை தோல் மட்டும் போனது. இப்போது பெட்டி ஃபைபர் கிளாஸ். அதற்குள் அலை தாராளமாகப் போகும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. மோட்டாரை விட்டுவிடுகிறேன். பேட்டரியை மட்டும் சொல்லியாக வேண்டும். 10 லித்தியம் செல் வரிசையாக, 36 வோல்ட், முழுதாக ஏறினால் 42. செல்லுக்கும் கார்பனுக்கும் நடுவில் மின்சாரம் கடத்தாத தடுப்பு கண்டிப்பாக வேண்டும், வயர் உராய்ந்து பலகையில் பட்டால் ஷார்ட். ஃபியூஸ் போடுங்கள். செல்களைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் போடுங்கள். நசுங்கிய செல் வேண்டாம். வெயிலில் ஓட்டிவிட்டு வந்த சூட்டோடு சார்ஜ் போட வேண்டாம், ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கவும் வேண்டாம். அலுமினியத் தாங்கிக்கும் கார்பனுக்கும் நடுவில் ரப்பர் வையுங்கள், மழைத் தண்ணீர் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். மெயின் ரோட்டில் ஓட்டாதீர்கள். வீடு வராத மனைப்பிரிவுகளில் காலை ஆறு மணிக்குத் தார் ரோடு காலியாக இருக்கும். ஹெல்மெட்டோடு அங்கே ஓட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.