கைமாறி வாழும் பூச்செடிகள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

பங்குனி பாதியைக் கடந்துவிட்டது. இந்த நாட்களில் திருச்சியின் எந்தக் குடியிருப்புத் தெருவிலும் விளக்கு வைக்கும் நேரத்தில் நடந்து பாருங்கள். நாலு வீட்டுக்கு ஒரு வீட்டிலாவது குண்டுமல்லி மொட்டவிழ்ந்து, அதன் மணம் தெரு வரைக்கும் வந்திருக்கும். மதில்மேல் காகிதப்பூ இலை தெரியாமல் பூத்துக் கிடக்கும். வாசற்படி ஓரத்தில் இட்லிப்பூ கொத்துக்கொத்தாகச் சிவந்திருக்கும். மனோரஞ்சிதம் இருக்கும் வீட்டில் பூவைக் கண்ணால் காண்பது கடினம். அது இலையின் பச்சையிலேயே பூத்து, முற்றி மஞ்சளாகும்போதுதான் பழுத்த பழத்தின் வாசனையை வெளியிடும். ஆனால் அந்த வீட்டைக் கடந்து செல்பவர்கள் ஒரு கணம் நின்று மூச்சை இழுத்துக்கொண்டுதான் போவார்கள். அப்படி நிற்பவர்களில் யாரேனும் ஒருவர், வீட்டுக்காரரைப் பார்த்துத் தயங்கித் தயங்கி, "ஒரு குச்சி கிடைக்குமா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் பள்ளியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செடிக் குச்சிகளைக் கேட்டு வாங்கியும், கேட்டவர்களுக்குக் கொடுத்தும் வருகிறேன். செடி பரிமாறிக்கொள்வதை ஒரு பொழுதுபோக்கு என்றோ அக்கம்பக்கத்து மரியாதை என்றோ பலரும் எண்ணுகிறார்கள். எனக்கு அது அதைவிடப் பெரிய காரியமாகத் தோன்றுகிறது. நம் வாசலில் பூக்கும் செடிகளில் பல, மனிதர் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்தால் ஒழிய இடம் பெயரவே முடியாதவை.

குண்டுமல்லியையே எடுத்துக்கொள்வோம். அது காய்த்து விதை முற்றியதை உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? அநேகமாக எவருமே பார்த்திருக்க மாட்டீர்கள். நம் தோட்டங்களில் அது விதை பிடிப்பது அத்தனை அரிது. அடுக்கு நந்தியாவட்டையும் அடுக்குச் செம்பருத்தியும் அப்படித்தான். அடுக்குப் பூ என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பாலும் நடந்திருப்பது என்னவென்றால், மகரந்தம் தர வேண்டிய கேசரங்கள் இதழ்களாக மாறிவிட்டன. அழகு கூடியது, விதை குறைந்தது. கனகாம்பரத்தில் இன்னும் தெளிவான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சாதாரணக் கனகாம்பரத்தின் முற்றிய காய்மேல் ஒரு துளி நீர் பட்டால் அது படீரென்று வெடித்து விதையைத் தெறிக்கவிடும். தொட்டியைச் சுற்றித் தானாகவே நாற்று முளைத்திருக்கும். டெல்லிக் கனகாம்பரம் என்று நாம் சொல்லும் ஆரஞ்சு நிறச் செடியோ மும்மடியம். அதாவது, அதன் உயிரணுக்களில் குரோமோசோம் தொகுதிகள் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருக்கின்றன. மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாததால் அதற்கு விதை இல்லை. ஆகவே இன்று தமிழ்நாட்டில் எந்தக் கூந்தலில் டெல்லிக் கனகாம்பரம் இருந்தாலும், அந்தச் செடி யாரோ ஒருவர் ஒடித்து நட்ட குச்சியிலிருந்து வந்தது. அந்தக் குச்சியும் அதற்கு முந்திய ஒருவர் கொடுத்தது.

மதுரை மல்லிக்கு 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது நம் எல்லோருக்கும் பெருமை. ஆனால் மல்லிகையின் நாற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பூக்காரர்களும் விவசாயிகளும் கை காட்டும் இடம் இராமேசுவரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம். அங்குள்ள மணற்பாங்கான நிலத்தில் மல்லிகைக் குச்சிகளை நெருக்கமாக நட்டு, வேர் பிடித்தபின் கட்டுக்கட்டாக வெளியூர்களுக்கு அனுப்புவது பல குடும்பங்களின் தொழில். நாம் தொட்டியில் வளர்க்கும் ஒற்றை மல்லிகைக்கும் அந்தத் தீவின் மணலோடு உறவு இருக்கக்கூடும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

காகிதப்பூவின் பயணம் இன்னும் தொலைவானது. 1767-இல் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று உலகைச் சுற்றும் பயணத்தில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் நின்றபோது, கப்பலில் இருந்த தாவரவியலாளர் பிலிபேர் கொமர்சோன் இச்செடியைச் சேகரித்தார். அந்தப் பயணத்தின் தலைவர் பூகன்வில்லின் பெயரே செடிக்குப் போகன்வில்லா என்று நிலைத்துவிட்டது. கொமர்சோனின் உதவியாளராக ஆண் வேடத்தில் சென்ற ழான் பாரே என்ற பெண்மணிதான் உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்று அறியப்படுகிறார். மாணவிகளுக்கு இந்தச் செடியைக் காட்டும்போது நான் பூவைவிட அந்தப் பெண்மணியைப் பற்றியே அதிக நேரம் பேசியிருக்கிறேன். சரி, நாம் பூ என்று நினைக்கும் அந்த வண்ணத் தாள்கள் உண்மையில் பூவடி இலைகள். நடுவில் வெண்ணிறத்தில் சிறிதாக நிற்கும் மூன்றுதாம் பூக்கள். இதிலும் தோட்ட வகைகள் பெரும்பாலும் விதை தருவதில்லை. எனவே நம் தெரு மதில்கள் வரை இது வந்து சேர்ந்தது முழுக்க முழுக்கக் கைமாற்றினால்தான்.

இதை நான் ஏட்டில் கற்பித்தவள்தான் என்றாலும், என் வீட்டில் நடந்தபோதுதான் முழுமையாகப் புரிந்தது. என் தாயார் இருவாட்சி வளர்த்தார்கள். குண்டுமல்லியின் உறவுதான் அது. இதழ்கள் அடுக்கடுக்காக, மாலையில் தொடுத்தால் நாலு பூவிலேயே கை நிறைந்துவிடும். தாயார் மறைந்த இரண்டாம் ஆண்டு, தெருவில் கழிவுநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டியபோது அந்தச் செடியின் வேர் முழுவதும் அறுந்து பட்டுப்போனது. நான் அதன் ஒரு கிளையைக்கூட மண்ணில் புதைத்து வேர்விடச் செய்து, பதியனாக எனக்கென்று போட்டு வைத்திருக்கவில்லை. இருக்கிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்துவிட்டேன். ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் உடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவருக்குத் தாயார் தம் கையாலேயே பதியன் போட்டுக் கொடுத்திருந்தார்கள். லால்குடியில் அந்த அம்மையாரின் கிணற்றடியில் அது புதராகப் படர்ந்திருந்தது. நான் கேட்கும் முன்பே அவர்கள், "இது உங்கள் அம்மாவின் செடி, உங்களிடம் திரும்பப் போகட்டும்" என்று சொல்லி, வேர்விட்ட இரண்டு கிளைகளை வெட்டித் தந்தார்கள். தாவரவியல்படி அது என் தாயார் வளர்த்த செடியின் நகல்கூட அல்ல, அந்தச் செடியேதான். பதியத்தில் வளர்வது புது உயிர் அன்று, பழைய உயிரின் தொடர்ச்சி.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். புதிதாகத் தோட்டம் போடுபவர்கள் செய்யும் முதல் தவறு, பூவைக் கண்ட அன்றே குச்சி வாங்கிச் சென்று நடுவது. பங்குனி, சித்திரை வெயிலில் வேரில்லாத குச்சி இரண்டு நாளில் காய்ந்துவிடும். அதுமட்டுமின்றி, பூத்துக்கொண்டிருக்கும் கிளையின் சக்தி எல்லாம் பூவுக்குப் போய்விடுகிறது. இளவேனில் தேர்ந்தெடுக்கும் பருவம். மழைக்காலம்தான் கொடுக்கும் பருவம். பூ கண்ணில் படும் இப்போதே வேண்டிய நிறமும் மணமும் உள்ள கிளையில் ஒரு நூலைக் கட்டிவிட்டு, பெயரைச் சொல்லி வைத்துவிட வேண்டும். ஒரே மதிலில் மூன்று நிறக் காகிதப்பூ பின்னிக் கிடக்கும் இடத்தில், பூ உதிர்ந்தபின் எது எது என்று வளர்த்தவருக்கே தெரியாமல் போய்விடும். பிறகு மழை தொடங்கியதும் போய் வாங்கிக்கொள்ளலாம்.

மல்லிகைக்கு இன்னும் நல்ல வாய்ப்பு ஒன்று இருக்கிறது. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் விட்டுக் கவாத்துச் செய்ய வேண்டும். பிச்சிக்கு அது டிசம்பர் கடைசி; முல்லைக்கு ஜனவரி கடைசி. அப்படிக் கவாத்துச் செய்தால்தான் பங்குனியில் இப்படிப் பூத்துக் குலுங்கும். அன்று வெட்டித் தள்ளும் கிளைகளைக் குப்பை வண்டியில் ஏற்றுபவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பொறுக்காது. ஒரு செடியின் கவாத்தில் ஒரு தெருவுக்கே போதுமான குச்சிகள் இருக்கின்றன, ஊரில் வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் இன்னும் இருக்கிறது.

குச்சி பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்தில், மூன்று நான்கு கணுக்களோடு இருக்கட்டும். அடிப்புறத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேற்புறத்தை நேராகவும் வெட்டினால், எது தலை எது கால் என்று குழப்பம் வராது. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மணலும் தென்னை நார்க்கழிவும் கலந்த கலவையில் இரண்டு கணு உள்ளே போகுமாறு நட்டு, நிழலில் வைத்து, மேலே ஒரு பாலித்தீன் உறையைக் கவிழ்த்துவிட வேண்டும். ஈழத்தலரிக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. அதை வெட்டியதும் பால் வடியும். ஒரு வாரம் நிழலில் போட்டு, வெட்டுவாய் உலர்ந்தபின் நடாவிட்டால் அழுகிவிடும். அரளிக்கும் பால் உண்டு, அது நஞ்சு. கையைக் கழுவுங்கள், ஆடு மாடும் சிறு குழந்தைகளும் இருக்கும் வீட்டுக்கு அரளிக் குச்சியைக் கொடுக்காதீர்கள்.

"அவளுக்குக் கைராசி, எதை நட்டாலும் தழைக்கும்" என்று சிலரைச் சொல்வார்கள். கைராசிக்காரர்கள் சிலரை நான் அருகிலிருந்து கவனித்திருக்கிறேன். அவர்கள் அதிகாலையில், கிளையில் நீர் நிறைந்திருக்கும் நேரத்தில் வெட்டுகிறார்கள்; வெட்டியதை உடனே ஈரத்துணியில் சுற்றுகிறார்கள்; நட்டபின் வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்ப்பதில்லை. விளக்கு வைத்தபின் செடியைத் தொடக்கூடாது என்ற நம் வழக்கத்தையும் அவர்கள் மீறுவதில்லை. குச்சியைத் தனியாக வெட்டிப் பிழைக்க வைப்பதில் நம்பிக்கை இல்லாதவர்கள் பதியன் போடலாம். தாழ்ந்த கிளையை வளைத்து, கணுவில் சிறிது கீறி, மண்ணில் புதைத்து மேலே ஒரு கல்லை வைத்துவிட்டால், தாய்ச்செடி ஊட்டிக்கொண்டே இருக்க, மூன்று நான்கு மாதத்தில் மல்லிகை வேர்விட்டுவிடும்.

செடியோடு செடி மட்டும் வருவதில்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் அது விட்டுவைக்கவில்லை. 2010-இல் அதன் இயற்கை எதிரிகளான சிறு ஒட்டுண்ணிக் குளவிகளைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்துப் பரப்பிய பிறகே அதன் கொட்டம் அடங்கியது. அந்தக் காலத்தில் தோழி ஒருவர் அன்போடு கொடுத்த செம்பருத்தித் தொட்டியை நேரே என் செடிகளின் நடுவில் கொண்டுபோய் வைத்தேன்; ஒரு மாதத்தில் பதினோரு செம்பருத்திகளை இழந்தேன். அவர் அறிந்து கொடுக்கவில்லை, நான்தான் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். அன்று முதல் எந்தச் செடி வந்தாலும் மூன்று வாரம் தனியே வைக்கிறேன். மண்ணோடு கொடுப்பதையும் வாங்குவதையும் நிறுத்திவிட்டேன், ஏனெனில் வேர்முடிச்சு நூற்புழு மண்ணில்தான் பயணம் செய்கிறது. அதற்கு மல்லிகையின் வேர் மிகவும் பிடிக்கும்.

சில செடிகளைக் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. உண்ணிச்செடி பல நிறப் பூவுக்காகத் தோட்டச் செடியாகவே இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. பறவைகள் அதன் பழத்தைத் தின்று விதையைப் பரப்பியதால், இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் புல் முளைக்க வேண்டிய தரையை அது மூடிக்கிடக்கிறது. ஏரிகளை அடைத்துக் கிடக்கும் ஆகாயத்தாமரையும் பூவின் அழகுக்காக வந்ததே. விதையில்லாத மல்லிகைக்கு நம் கை தேவைப்படுகிறது. இவற்றுக்கு நம் கை தேவையே இல்லை.

மணி பிளான்ட் போன்ற செடியைக் கேட்காமல் ஒடித்து வந்தால்தான் நன்றாக வளரும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே உண்டு. அதை நான் ஏற்பதில்லை. கேட்டு வாங்கும்போதுதான் செடியின் பெயரும், அதற்கு வேண்டிய வெயிலும் நீரும், அது யார் வீட்டிலிருந்து வந்தது என்பதும் சேர்ந்து கிடைக்கின்றன. இட்லிப்பூவின் இலை மஞ்சளாவது சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து எடுபடாததால் என்று எனக்குச் சொன்னவர், அந்தக் குச்சியைக் கொடுத்த முதியவர்தான். கொடுக்கும்போது பழைய பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து ஒரு பட்டை வெட்டி, செடியின் பெயரையும் தேதியையும் கொடுத்தவர் பெயரையும் பென்சிலால் எழுதிச் செருகிவிடுங்கள். பேனா மை ஒரு கோடையில் வெளிறிவிடும். பென்சில் எழுத்து நிற்கும்.

இந்த வாரம் என் வீட்டு இருவாட்சியில் மூன்று கிளைகளில் நூல் கட்டியிருக்கிறது. சிவப்பு நூல் எதிர் வீட்டு மருமகளுக்கு. மஞ்சள் நூல், மொட்டைமாடியில் தோட்டம் தொடங்கியிருக்கும் என் பழைய மாணவிக்கு. வெள்ளை நூல் லால்குடி அம்மையாருக்கு. அவர்கள் கிணற்றடியில் இருந்த புதர் சென்ற ஆண்டு பட்டுப்போய்விட்டது. கார்த்திகையில் கவாத்துச் செய்ததும் முதலில் அவர்களுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.

நன்றி, வணக்கம்.